பதினெட்டடி உயரத்து வீடு

எங்கள் பாயூ என்கிற சதுப்பு ஓடைக் கரையில் இரண்டு ஆண்கள் சந்தித்துக்கொண்டால் உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்கிற வழக்கம் போய் ரொம்ப நாளாகிறது. "எவ்வளவு ஏத்தின?" என்றுதான் கேட்பார்கள். புயல் வெள்ளத்துக்குப் பயந்து, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் தூண் மேல் வீட்டைக் கட்டினாய் என்று அர்த்தம். பத்து என்று சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பதிமூன்று என்பது சட்டம் கேட்கிற உயரம். அதைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு இறால் விலைக்குப் போய்விடுவார்கள். பதினைந்து என்றால் கொஞ்சம் மரியாதை உண்டு. யூலிஸ் நாக்கான் பதினெட்டு என்று சொன்ன அன்றைக்கு, பெட்ரோல் பங்கில் நின்றிருந்த அத்தனை பேரும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினெட்டா? எதுக்குப்பா? மோட்சத்துல புனித பேதுரு வீட்டுல போய் உப்பு கடன் கேக்கவா?" என்றான் காஸ்தோன். அவன் வீடு பதினைந்து. அதுவரை எங்கள் பக்கத்தில் அதுதான் உச்சம்.

"கேப்பேன். உனக்கும் சேர்த்து வாங்கி மேல இருந்து போடுறேன், பிடிச்சுக்க" என்றான் யூலிஸ்.

எழுபதைத் தாண்டிய மனுஷனை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். நாங்கள் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்தவர்கள். பிறகு அதே தடத்தில் நானே பஸ் ஓட்டினேன், பிள்ளைகள் இல்லை என்று பள்ளிக்கூடத்தை மூடுகிற வரைக்கும். யூலிஸின் மனைவி லோரீனா எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. அதனால் அவன் பிடிவாதத்தைக் கிட்ட இருந்து பார்க்கிற கொடுப்பினை எனக்கு உண்டு. இறால் படகு ஓட்டினவன். புயல் வருகிறது என்று எல்லாரும் படகைக் கரைக்குக் கொண்டுவந்தால், இவன் மட்டும் இன்னும் ஒரு வலை இழுத்துவிட்டு வருவான்.

அவர்களுடைய பழைய வீடு தாழ்வாக இருந்தது. மூன்று புயலில் மூன்று தடவை தண்ணீர் உள்ளே வந்தது. மூன்று தடவையும் லோரீனாதான் சேற்றை மண்வெட்டியால் அள்ளி வெளியே போட்டாள். மூன்றாவது தடவை துணி அலமாரியைத் திறந்தால் அவளுடைய கல்யாண கவுனுக்குள் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். அழுதுகொண்டேதான் வைத்தாள்.

அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. பிள்ளையும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: தன் வீட்டில், தன் படுக்கையில் சாக வேண்டும். அவள் அம்மா ஹூமா டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருஷம் கிடந்து செத்தாள்.

"அங்க அவிச்ச பீன்ஸ் வாசனை அடிக்கும் டெல்ஃபீன். அம்மா தலைமுடியில கூட அதே வாசனை. என்னைக் கொண்டுபோய் அங்க போட்டீங்க, ஆவியா வந்து உங்க ஒவ்வொருத்தரையும் காலைப் பிடிச்சு இழுப்பேன்" என்பாள் என்னிடம்.

யூலிஸ் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். என் முன்னால்தான் செய்தான். "தண்ணி தொட முடியாத வீடா கட்டித் தர்றேன் ஷா. அதுலயே கிழவியாகு, அதுலயே கண்ணை மூடு." ஷா என்பது எங்கள் பக்கத்தில் கண்ணே என்கிற மாதிரி. சண்டை போடும்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

ஆக, பதினெட்டடி அவளுக்காகத்தான். பெருமையும் கலந்திருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த மனுஷனிடம் பெருமை கலக்காத சங்கதி எது?

வீட்டைக் கட்டினார்கள் என்று சொல்வதைவிடப் பொருத்தினார்கள் என்று சொல்லலாம். தூண்களை மட்டும் இங்கே அடித்தார்கள். சுவர்கள் எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்தன, ஒயரும் குழாயும் உள்ளேயே வைத்து. கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது. கூரை நாலு பக்கமும் சரிந்து இறங்கியது. காற்று பிடித்து உரிப்பதற்கு ஓரமே இல்லை. தூணிலிருந்து கூரைச் சட்டம் வரைக்கும் இரும்புப் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி மேல் ஒரு மரக்கட்டையை எறிந்து காட்டினார்கள். கட்டைதான் பிளந்தது. நாங்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்து படம் எடுத்துக்கொண்டு போனாள். "கடலோரத்துல இனிமே வீடுன்னா இப்படித்தான் இருக்கப் போகுது, மிஸ்டர் நாக்கான். நீங்க எதிர்காலத்துல குடியிருக்கீங்க" என்றாளாம். அவ்வளவுதான், இவனுக்குத் தலைகால் புரியவில்லை. யார் போன் பண்ணினாலும், "எதிர்காலத்துலேர்ந்து யூலிஸ் பேசுறேன்" என்று ஆரம்பிப்பான். லோரீனா உள்ளேயிருந்து, "அந்த எதிர்காலத்துல குப்பையைக் கீழ கொண்டுபோற ஆள் யாருன்னு கேளு" என்று கத்துவாள்.

படிக்கட்டு விஷயத்தில்தான் தப்பு நடந்தது. வீடு கட்டிய ரோலன் நல்ல ஆள். படியை நேராக இறக்கலாம் என்றான். நேராக இறக்கினால் வீட்டுக்குக் கீழே பாதி இடம் போய்விடும். அந்த இடத்தில் யூலிஸ் தன் படகை நிறுத்த வேண்டும். அதனால் படியை மூலையில் மடக்கி, இரண்டு இடத்தில் திருப்பி, நெருக்கமாக இறக்கச் சொன்னான். "ஆள் போற லிஃப்டுக்காவது ஒரு இடம் விட்டு வைக்கலாமே அண்ணே" என்று ரோலன் கேட்டான்.

"அதெல்லாம் கிழடுங்களுக்கு" என்றான் யூலிஸ். அப்போது அவனுக்கு அறுபத்தாறு வயது.

அதற்குப் பதில் சரக்குத் தூக்கி ஒன்று வைத்தான். எல்லார் வீட்டிலும் அதுதான். கம்பி வலைத் தட்டு, சுற்றிலும் குழாய்க் கிராதி, ஒரு மோட்டார். ஐஸ் பெட்டி, கடைச் சாமான், நன்னீர் இறால் மூட்டை எல்லாம் அதில் ஏறும். ஆள் ஏறக் கூடாது என்று பலகை தொங்கும். நாங்கள் அந்தப் பலகையில் ஈரத் துண்டு காயப் போடுவோம். அவன் ஒருவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கரை முழுக்கவே தண்ணீர் எங்கே வரும் என்று அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள்தான். முழங்கால் எப்போது போகும் என்று ஒருத்தரும் அளக்கவில்லை. அரசாங்கமும் அதைக் கேட்கவில்லை.

பிறகு வந்த புயலில் அந்த வீடு நின்றது. சும்மா நிற்கவில்லை, ஒரு கண்ணாடி கூட விரியாமல் நின்றது. காஸ்தோன் வீடு உயரத்தில்தான் இருந்தது, ஆனால் பழைய கூரை. பாதியைக் காற்று கொண்டுபோய்ச் சதுப்பில் போட்டது. அவன் லாஃபயெட்டில் மச்சான் வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கடை மூடியது. தபால் ஆபீஸ் மூடியது. மாதா கோயிலில் மாதத்துக்கு ஒரு பூசை என்றார்கள், பிறகு அதுவும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இனிமேல் ரோடு போட மாட்டோம் என்று மாவட்ட நிர்வாகத்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். யூலிஸின் வீடு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், பத்தடி வீட்டில்.

"எல்லாரும் போனா போகட்டும். வீடு நிக்குதுல்ல?" என்றான் யூலிஸ்.

வீடு நின்றது. வீட்டைச் சுற்றி இருந்ததெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் லோரீனாவுக்குப் பக்கவாதம் வந்தது. அந்தத் தடவை லேசானதுதான், ஆனால் இடது கால் விளங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கு நானும் இருந்தேன். சமையலறை நாற்காலியைச் சரக்குத் தூக்கியில் வைத்து, அதில் அவளை உட்கார வைத்துத் துண்டால் கட்டினோம். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது பூரா இறால் நாத்தம் மனுஷா. கழுவலையா?"

"மூணு தடவை கழுவினேன் ஷா."

"அப்ப நாத்தம் உன்கிட்டேர்ந்துதான் வருது."

மோட்டார் முனக, அவள் மேலே போனாள். கீழே நின்று பார்த்த எனக்கு அவளுடைய செருப்பின் அடிப்பாகம்தான் கடைசியாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் கால் தரையில் படவே இல்லை.

நான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்த் தலை வாரிவிடுவேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். எங்கள் பக்கத்தில் ரோட்டில் போகிறவர்கள் நின்று பேசாமல் போக மாட்டார்கள். ஆனால் பதினெட்டடி உயரத்துக்கு என்ன கத்தினாலும் வார்த்தை போய்ச் சேராது, வெறும் சத்தம்தான் போகும். அவள் கையை ஆட்டுவாள். போகப் போக ரோட்டில் ஆளும் இல்லாமல் போனது. ரோடு பாதி நாள் தண்ணீருக்குள் இருந்தது.

"பெலிகன்தான் பக்கத்து வீட்டுக்காரி. அதுவும் மரியாதை இல்லாம பேசுது" என்பாள்.

"இறங்கணும்னு தோணலையாக்கா?"

"எதுக்குடி? இங்கதான் சாகப் போறேன். அவன் சொன்னதைச் செஞ்சுட்டான். நம்ம ஊர்ல பொண்டாட்டிக்குச் சொன்னதைச் செஞ்சவன் எத்தனை பேர்?" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். அவள் அவனை அவ்வளவு நம்பினாள்.

உப்புக் காற்று சரக்குத் தூக்கியின் கம்பியைத் தின்றுகொண்டிருந்தது. யூலிஸ் கிரீஸ் போடுவான். கம்பியை மாற்ற ஆளைக் கூப்பிட்டான். ஆள் வரவில்லை, அந்த ரோட்டில் வண்டி வராது என்றார்கள்.

இரண்டாவது பக்கவாதம் ஒரு காலை நேரத்தில் வந்தது, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸும் தண்ணீரில் மெல்ல நீந்தி வந்து சேர்ந்தது. இரண்டு பையன்கள், நல்ல பையன்கள். ஸ்ட்ரெச்சரை மேலே கொண்டுபோக முடியவில்லை. முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். சரக்குத் தூக்கியை யூலிஸ் கீழே இறக்க, அது பாதி வழியில் நின்றது. கம்பியில் ஒரு புரி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவளை ஏற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை.

கடைசியில் அவளை நாற்காலியில் கட்டி, படி வழியாக இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கிராதிக்கு மேலே தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. கீழே அலை அடித்துக்கொண்டிருந்தது. வாய் கோணிப்போன லோரீனா பயத்தில் ஊளையிட்டாள். அது மனுஷக் குரலாகவே இல்லை. யூலிஸ் ரம்பத்தை எடுத்து வந்து கிராதியை அறுக்க ஆரம்பித்தான். அது சூறாவளிக்காகச் செய்த கிராதி, ரம்பத்தின் பல்லெல்லாம் மழுங்கியதுதான் மிச்சம். இதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் யூலிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். லோரீனா பிழைத்தாள். வலது கையும் கொஞ்சம் பேச்சும் மிஞ்சின. வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்பாத வீட்டுக்குப் படுத்த படுக்கையான நோயாளியை அனுப்ப விதியில்லை, நர்ஸும் வரமாட்டாள். வேறு வழியில்லாமல் அவளை ஹூமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவள் அம்மா இருந்த இடம் இல்லை, வேறு இடம். உள்ளே நுழைந்ததும் அவிச்ச பீன்ஸ் வாசனை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு நாளும் யூலிஸ் போவான். ஒவ்வொரு நாளும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"வீட்டுக்கு."

"கூட்டிட்டுப் போறேன் ஷா. கொஞ்சம் பொறு. ஏற்பாடு பண்ணிட்டிருக்கேன்."

பண்ணத்தான் செய்தான். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட முடியுமா என்று ரோலனைக் கேட்டான். பதினெட்டடிக்குச் சரிவு போட்டால் இருநூறு அடிக்கு மேல் நீளும், பாயூவைத் தாண்டி எதிர்க்கரையில் போய் இறங்கும் என்றான் ரோலன். ஆள் லிஃப்ட் போடுகிறவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை எடுப்பதில்லை என்று கைவிரித்தார்கள். மின்சாரக்காரர்கள், அடுத்த புயலில் கம்பி அறுந்தால் திரும்பக் கட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

"அப்ப வீட்டைக் கீழ இறக்கு" என்றான் யூலிஸ்.

ரோலன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஏத்தறதுக்குத்தான் சட்டம் இருக்கு அண்ணே. இறக்கறதுக்கு இல்ல. இறக்கினா அது வீடே இல்லேம்பாங்க."

வேறு வீடு பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தான். ஹூமாவில் தரைத்தள வீடு ஒன்று விடாமல் எங்கள் கரையிலிருந்து ஓடிப்போனவர்களே பிடித்து வைத்திருந்தார்கள். என் வீடும் பத்தடி, அதுவும் படிதான். எங்கள் பக்கத்தில் தரைமட்டத்தில் மிஞ்சியது நாய்கள்தான். எதிர்கால வீட்டை விற்கலாம் என்றால், ரோடு இல்லாத இடத்தில் வாங்க யார் வருவார்கள்? லோரீனாவிடம் வேறு வீடு என்று சொன்னபோது தலையை அசைத்து மறுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஏதோ ஒரு வீடு இல்லை.

செப்டம்பரில் அடுத்த புயல் கிளம்பியது. முதியோர் இல்லம் தாழ்வான கட்டடம். எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி வடக்கே ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். சொந்தக்காரர்களுக்குப் பஸ்ஸில் இடமில்லை. யூலிஸ் அவர்களோடு மல்லுக்கு நின்றான். "இந்தக் கரையிலேயே பத்திரமான வீடு என் வீடுதான்! என் பொண்டாட்டியை என்கிட்ட குடுங்க!" என்று கத்தினான். அவர்களுக்கு அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. எப்படி மேலே ஏத்துவீங்க என்று ஒரு நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

பஸ் போன பிறகு அவன் தன் வீட்டுக்குப் போய் ஏறி உட்கார்ந்துகொண்டான். நான் என் மகனோடு பேட்டன் ரூஷுக்கு ஓடினேன். இவனை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

புயல் ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும் என் மகனுடைய லாரியை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். என் பத்தடி வீட்டில் பாதிதான் இருந்தது. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அந்த வெட்டவெளியில் அவன் வீடு மட்டும் நின்றுகொண்டிருந்தது, நேற்று கழுவி வைத்த மாதிரி. எனக்கு அதைப் பார்க்க வெறுப்பாக இருந்தது.

இரண்டு பேரும் வடக்கே புறப்பட்டோம். வழி முழுக்க அவன்தான் பேசினான். "ஒரு சொட்டு உள்ள வரல டெல்ஃபீன். கட்டில் அசையல. ராத்திரி பூரா அவ பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தேன், காஞ்சு போயிருந்துச்சு. போர்வை கூட நனையல. அவகிட்ட இதைச் சொல்லணும். சொன்னா சந்தோஷப்படுவா."

விளையாட்டு மண்டபத்தில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். குளிர்சாதனம் இல்லை. மூத்திர வாடை. லோரீனா சுருங்கிப் போயிருந்தாள். யாரோ அவள் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். யூலிஸ் முட்டி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, பாதி முகம்தான்.

"வீடு நிக்குதா?" என்றாள். வந்த நாளிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

யூலிஸ் வாயைத் திறந்தான்.

"நிக்குதுன்னா... இப்பவே கூட்டிட்டுப் போ" என்றாள். வலது கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவே. சத்தியம் பண்ணல?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"போயிடுச்சு ஷா" என்றான். "காத்து கொண்டு போயிடுச்சு. தூண்தான் நிக்குது."

அவள் அவனையே பார்த்தாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது. சட்டையை விட்டுவிட்டு, அந்தக் கையால் அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள், ஏதோ அவனுக்குத்தான் பெரிய இழப்பு என்கிற மாதிரி.

"பதினெட்டும் பத்தலையா?" என்றாள்.

"பத்தல ஷா."

"பாவம் மனுஷா நீ" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிப்ரவரியில், ஹூமாவில், அந்த இல்லத்திலேயே செத்தாள். யூலிஸ் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான்.